உள்ளே இருந்தவரா, வெளியே வந்தவரா, வெளியாளா: 2029 அதிபர் தேர்தலுக்கு முன் ஓர் ஒப்பீடு

2029 செப்டம்பருக்குள் சிங்கப்பூர் மறுபடியும் அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரு தர்மன் சண்முகரத்னம் 2023 செப்டம்பர் 14ஆம் தேதி பதவியேற்றார். தவணை ஆறு ஆண்டு. அவர் மறுபடியும் நிற்பாரா, வேறு யார் வருவார் என்பதெல்லாம் பிறகு. இப்போதே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2011இலும் சரி, 2023இலும் சரி, வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் கிடைத்தது பத்தே நாள். சுவரொட்டி, தொலைக்காட்சி உரை, வாட்ஸ்அப் குழுச் சண்டை என்று அந்தப் பத்து நாளும் ஓடிவிடும். நிதானமாக யோசிக்க வேண்டுமென்றால் இப்போதே யோசித்தால்தான் உண்டு.

அதிபர் தேர்தல் பேச்சு வந்தாலே நம் ஆட்களிடம் இரண்டு குரல் கேட்கும். ‘மக்கள் செயல் கட்சியிலிருந்து வந்தவர் வேண்டாம், நாடாளுமன்றம் முழுக்க அவர்கள்தானே, இதிலாவது வெளியாள் ஒருவர் வரட்டும்’ என்பது ஒன்று. ‘இது நாட்டின் சேமிப்புச் சாவி, முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க முடியுமா’ என்பது மற்றொன்று; நாட்டின் பழைய சேமிப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். வேட்பாளர் ஆளும் கட்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைத்தான் இரண்டு பேருமே அளக்கிறார்கள். அந்த அளவுகோலை மட்டும் நம்பி முடிவெடுத்தால் தவறான ஆளிடம் போய் நிற்போம் என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு நடந்த தேர்தல்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எண்கள் என்ன சொல்கின்றன

1991இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர் பதவி வந்தது. முதல் தேர்தல் 1993 ஆகஸ்ட் 28. துணைப் பிரதமராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த ஓங் டெங் சியோங்கை எதிர்த்து நின்றவர் முன்னாள் தலைமைக் கணக்காளர் சுவா கிம் இயோ. அவர் பிரசாரமே செய்யவில்லை என்று சொல்லுமளவுக்கு அடக்கமாக இருந்துவிட்டார். அப்படியும் 41.3 விழுக்காட்டினர் அவருக்கு வாக்களித்தார்கள். ஆளையே சரியாகத் தெரியாமல் பத்தில் நான்கு பேர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அந்த வாக்கில் பெரும்பகுதி அவருக்கு விழுந்த வாக்கு அன்று. ‘எல்லாமே ஒரே கட்சியின் கையில் இருக்க வேண்டாம்’ என்ற எண்ணத்துக்கு விழுந்தது.

அப்புறம் 1999, 2005 இரண்டு முறையும் எஸ்.ஆர்.நாதன் போட்டியின்றித் தேர்வானார். வாக்குச்சீட்டு மறுபடி மக்கள் கைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 27இல். நான்கு வேட்பாளர்கள், நால்வரும் டான். டோனி டான் 35.20 விழுக்காடு, டான் செங் போக் 34.85, டான் ஜீ சே 25.04, டான் கின் லியான் 4.91. முதல் இருவருக்கும் இடையில் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகள்தான். அன்று இரவு மறுஎண்ணிக்கை முடியும்வரை பல வீடுகளில் யாரும் தூங்கவில்லை.

2023 செப்டம்பர் 1இல் மூன்று பேர். தர்மன் 70.40, இங் கொக் சொங் 15.72, டான் கின் லியான் 13.88.

இப்போது ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 2011இல் டோனி டான், டான் செங் போக் இருவருமே நெடுங்காலம் மக்கள் செயல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள். இருவர் வாக்கையும் சேர்த்தால் 70.05. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே கட்சியிலிருந்து வந்த தர்மனுக்கு 70.40. மற்ற இரு டான்களும் 2011இல் சேர்ந்து வாங்கியது 29.95, 2023இல் தர்மனுக்கு எதிராக நின்ற இருவரும் சேர்ந்து வாங்கியது 29.60. வாக்காளர்கள் மாறினார்கள், பிரச்சினைகள் மாறின, வேட்பாளர்கள் மாறினார்கள். கணக்கு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது.

இரண்டே தேர்தலை வைத்துச் சட்டம் போட முடியாது, தெரியும். ஆனாலும் இதிலிருந்து எனக்குப் படுவது இதுதான்: கட்சிக் குடும்பத்துக்கு முற்றிலும் வெளியே இருந்து ஒருவர் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர். மீதி ஏழு பேர் உள்ளே இருந்து வந்தவரையும் ஏற்பார்கள். ஆனால் அவர் தலையாட்டி இல்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அந்த நம்பிக்கை இருந்ததால் 2023இல் ஏழு பேரும் ஒரே ஆளிடம் போனார்கள். 2011இல் யாரிடம் அது இருக்கிறது என்பதில் ஒத்துப்போகாமல் சரிபாதியாகப் பிரிந்தார்கள்.

வெளியே தேடுவதற்கு என்ன காரணம்

இங்கே ஒரு விஷயம் மற்ற பல நாடுகளில் இல்லாதது. சிங்கப்பூரில் அதிபர் வேட்பாளர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. தர்மன் 2023 ஜூலையில் கட்சியிலிருந்து விலகித்தான் நின்றார். டான் செங் போக் 2011 மே மாதம் விலகினார். அதனால் வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. 2023இல் என் அத்தை வாக்களித்துவிட்டு வந்து, “சீட்டுல மின்னலும் இல்ல, சுத்தியலும் இல்ல, ஒருத்தருக்கு அன்னாசிப் பழம், இன்னொருத்தருக்குப் பூ. அதனால மொகத்தப் பாத்துத்தான் போட்டேன்” என்றார். மின்னல் மக்கள் செயல் கட்சியின் சின்னம், சுத்தியல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் சின்னம். ஐம்பது ஆண்டுகளாகச் சின்னம் பார்த்து வாக்களித்தவர் முகத்தைப் பார்த்து, இவர் யார், எங்கிருந்து வந்தார் என்று யோசித்திருக்கிறார். சட்டம் கட்சியைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. வாக்காளர் அதை மனத்தில் வைத்தே கணக்குப் போடுகிறார்.

இன்னொரு காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொதுத் தேர்தலில் நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நகர மன்றத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். மின்தூக்கி, துப்புரவு, புளோக் மேம்பாடு, வாரந்தோறும் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி எல்லாம் அந்த வாக்கில் அடக்கம். அதிபர் தேர்தலில் அந்தப் பாரம் இல்லை. தீவு முழுக்க ஒரே தொகுதி. யார் அதிபரானாலும் பிரதமர் மாறப்போவதில்லை, மசேநி (மத்திய சேம நிதி) மாறப்போவதில்லை. ஆகவே மே மாதம் ஆளும் கட்சிக்கு வாக்களித்தவரே ஆகஸ்ட் மாதம் வேறு பக்கம் போகலாம், இழப்பு எதுவும் இல்லாமல். 2011 மே பொதுத் தேர்தலில் ஆளும் கட்சிக்கு 60.1 விழுக்காடு, மூன்றே மாதத்தில் அரசாங்கத்துக்கு நெருக்கமானவராகப் பார்க்கப்பட்ட வேட்பாளருக்கு 35 விழுக்காடுதான். வீட்டு விலை, நெரிசலான ரயில், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை என்று அந்த ஆண்டு மனத்தில் இருந்த குறைகள் இரண்டாம் முறையும் வெளியே வந்தன.

சரி, குறை சொல்ல அது சரியான இடமா? இல்லை என்றே சொல்வேன். வீட்டு விலையில் அதிபருக்கு ஒரு கையும் கிடையாது. அந்தக் கோபத்தைப் பொதுத் தேர்தலில் காட்டினால் பல உறுப்பினர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுத்தொகுதியே எதிர்க்கட்சிக்குக் கைமாறும். 2011 மே மாதம் அல்ஜுனிட்டில் நடந்தது அதுதான். அதிபர் தேர்தலில் காட்டினால் ஆறு ஆண்டுக்குச் சேமிப்புச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் 2017. அதை ஆற அமரச் சொல்ல வேண்டும். 2016இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு சட்டம் மாறியது. ஒரு சமூகத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணை அதிபர் வரவில்லை என்றால் அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். தனியார் துறையிலிருந்து வருபவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் சராசரியாக 500 மில்லியன் வெள்ளி இருக்க வேண்டும். முன்பு செலுத்தப்பட்ட மூலதனம் 100 மில்லியன் இருந்தால் போதும். 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. விண்ணப்பித்த மற்ற இரு தொழிலதிபர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஹலிமா யாக்கோப் வாக்கெடுப்பு இல்லாமலே அதிபரானார்.

அப்போது மார்சிலிங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் பக்கத்து வீட்டு மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஹலிமா நல்ல மனுஷி தம்பி. நம்ம எம்பியா இருந்தாங்க, நான் நேர்ல போய்ப் பேசியிருக்கேன். ஓட்டு வெச்சிருந்தா அவங்களுக்குத்தான் போட்டிருப்பேன். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே.” அவருக்கு வேட்பாளர்மேல் வருத்தமில்லை. கேட்கப்படாததுதான் வருத்தம். அடுத்த முறை வாக்குச்சீட்டு கைக்கு வந்தால் வெளியாளைத் தேடும் மனம் இப்படித்தான் உருவாகிறது. கதவை இறுக்கினால் வெளியே நிற்பவர்மேல் பரிவு கூடுவது இயல்பு.

அந்தப் பதவியில் உண்மையில் என்ன இருக்கிறது

ஒப்பிடுவதற்கு முன் வேலை என்ன என்று தெரிய வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த நிதியிருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி, ஆயுதப் படைத் தலைவர் போன்ற முக்கிய நியமனங்களுக்கும் வேண்டும். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஒரு விசாரணையை நடத்தப் பிரதமர் மறுத்தால் அதிபர் அனுமதி தரலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தொடர்ந்து தடுத்துவைப்பதிலும், சமய நல்லிணக்கச் சட்டத் தடை உத்தரவுகளிலும் அவருக்குக் குறிப்பிட்ட பங்குண்டு. மற்றவற்றில் பெரும்பாலும் அமைச்சரவை சொல்வதன்படியே நடக்க வேண்டும்.

நிதியிருப்பு விவகாரம் வெறும் காகிதச் சடங்கு இல்லை. 2009 நிதி நெருக்கடியில் அதிபர் நாதன் 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் தந்தார். நிதியிருப்பு முதல்முறையாகத் தொடப்பட்டது அப்போதுதான். கொவிட் காலத்தில் அதிபர் ஹலிமா ஒப்புதல் தந்தது மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 69 பில்லியன் வரை. கடைசியில் எடுத்தது சுமார் 40 பில்லியன்.

இப்போது முக்கியமான இடம். நிதியிருப்பு, முக்கிய நியமன விஷயங்களில் அதிபர் முடிவெடுக்குமுன் எட்டுப் பேர் கொண்ட அதிபர் ஆலோசகர் மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். மூவரை அதிபர் நியமிக்கிறார், மூவரைப் பிரதமர், ஒருவரைத் தலைமை நீதிபதி, ஒருவரைப் பொதுச் சேவை ஆணையத் தலைவர். மன்றத்தின் கருத்துக்கு மாறாக அதிபர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். 2025 பொதுத் தேர்தலுக்குப் பிறகு 97 தொகுதி உறுப்பினர்களில் 87 பேர் ஆளும் கட்சியினர். ஆகவே ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லும் அதிபர் போதாது. அந்த எட்டுப் பேரில் பெரும்பாலோரைத் தன் பக்கம் கொண்டுவரத் தெரிந்தவர் வேண்டும். இல்லையென்றால் அவருடைய மறுப்பு செய்தித்தாளில் ஒருநாள் வந்துவிட்டு அடங்கிவிடும்.

நான்கு வகை வேட்பாளர்கள்

முதல் வகை, உள்ளேயே இருந்து மேலே வந்தவர். அமைச்சரவையில் உட்கார்ந்தவர், வரவுசெலவுத் திட்டம் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தவர். இவர்மேல் வைக்கப்படும் சந்தேகம் நியாயமானது: நேற்றுவரை சக அமைச்சராக இருந்தவர்களுக்கு இன்று எப்படி ‘கூடாது’ என்பார்? ஆனால் இதற்கு நம் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது, ஓங் டெங் சியோங். கட்சித் தலைவராகவும் துணைப் பிரதமராகவும் இருந்தவர். அதிபரானதும் நாட்டின் நிதியிருப்பு எவ்வளவு, எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். அதை வாங்குவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை 1999 ஜூலையில் செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார். அஞ்சலகச் சேமிப்பு வங்கியை டிபிஎஸ் வங்கிக்கு விற்கும் முடிவைச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகப் பின்னர் பேட்டியில் குறிப்பிட்டார். உள்ளே இருந்ததால்தான் எந்த அலமாரியைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் தவணைக்கு அவர் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் உள்ளாள் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் நீண்ட நாள் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

தர்மனும் இந்த வகைதான். ஆனால் பலர் அவரை அந்தக் கட்டத்தில் அடைக்கவில்லை. 2015 பொதுத் தேர்தலில் அவர் தலைமையிலான ஜூரோங் குழுத்தொகுதி 79.3 விழுக்காடு வாங்கியது, நாட்டிலேயே அதிகம். 1990களில் அரசாங்க இரகசியச் சட்ட வழக்கில் விட்டுக்கொடுக்காமல் வாதாடி, கடைசியில் 1,500 வெள்ளி அபராதம் கட்டியவர் என்பதும் மூத்தவர்களுக்கு நினைவிருந்தது. 2023இல் அவருடைய வாக்கு அவர் கட்சி 2020இல் வாங்கிய 61.24 விழுக்காட்டைவிட ஒன்பது புள்ளி அதிகம். ஆளும் கட்சிக்கு வாக்களிக்காத பலர் அக்கட்சியிலிருந்து வந்தவருக்கு வாக்களித்திருக்கிறார்கள். தமிழர் என்பதால் நம் வீடுகளில் பெருமை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். எழுபது விழுக்காடு பெருமையால் வந்ததில்லை.

இரண்டாவது வகை, உள்ளே இருந்து விலகி வெளியே வந்தவர். டான் செங் போக் இதற்கு நல்ல உதாரணம். 26 ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர். தேர்தலில் நிற்காதவர்களையும் நாடாளுமன்றத்துக்கு நியமிக்கும் நியமன உறுப்பினர் திட்டம் வந்தபோது தன் கட்சியின் போக்குக்கு எதிராக வாக்களித்தவர். அமைச்சராக இருந்ததில்லை. என் கணக்கில் இந்த வகைக்குத்தான் 2011இல் வாக்காளர்கள் அதிக மதிப்புக் கொடுத்தார்கள். அவர் மருத்துவராக இருந்தவர், தெரிந்த முகம். அதே நேரம் இல்லை என்று சொல்லிக் காட்டியவர். இவ்வகையின் பலவீனம் பின்னால்தான் தெரியும்: இவர் பாலமாக இருப்பாரா, எதிர்முகாமாக ஆவாரா? 2019இல் அவர் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியைத் தொடங்கினார். அதிபர் பதவி கிடைக்காத அரசியல்வாதி கட்சி தொடங்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கட்சி சாராத அதிபர் என்று நம்பி வாக்களித்தவர்களில் சிலருக்கு அது நெருடியிருக்கும்.

மூன்றாவது வகை, கட்சிப் பக்கமே போகாத பொதுச் சேவையாளர். சுவா கிம் இயோ, இங் கொக் சொங். இங் நாணய ஆணையத்திலும் பிறகு அரசாங்க முதலீட்டு நிறுவனமான ஜிஐசியிலும் காலமெல்லாம் நாட்டின் பணத்தை முதலீடு செய்தவர், ஜிஐசியின் தலைமை முதலீட்டு அதிகாரியாக இருந்தவர். நிதியிருப்பைக் காக்கும் வேலைக்கு, காகிதத்தில் பார்த்தால், இவரைவிடப் பொருத்தமானவர் 2023இல் இல்லை. எந்தக் கட்சியிலும் இருந்ததே இல்லை என்பதுதான் அவருடைய முதன்மை வாதம். ஆனாலும் 15.72 விழுக்காடு. ஏன்? ஒன்று, மக்களுக்கு அவரைத் தெரியாது. வேட்பாளராக அறிவித்ததே ஜூலையில்தான். இன்னொன்று ஆழமானது. ஜிஐசியின் தலைவர் நாற்காலியில் அப்போது இருந்தவர் பிரதமர். ‘கட்சியில் இல்லை, சரி. ஆனால் அமைப்புக்குள்ளேயே வாழ்ந்தவர்தானே’ என்ற கேள்வி எழுந்தது. கட்சிக்கு வெளியே இருப்பதும் அதிகாரத்துக்கு வெளியே இருப்பதும் ஒன்றல்ல என்று வாக்காளர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். எனக்கு இந்த வகைமேல் மரியாதை உண்டு. 2023இல் இவருக்கு இன்னும் நிறைய பேர் காதுகொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான்காவது வகை, எதிர்க்கட்சி வட்டாரத்தின் ஆதரவோடு வருபவர். டான் ஜீ சே 2011 மே மாதம் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஹாலந்து-புக்கிட் தீமாவில் நின்று தோற்று, ஆகஸ்டில் அதிபர் தேர்தலில் நின்றார். கால்வாசி வாக்கு வாங்கினார். டான் கின் லியான் நீண்டகாலம் என்டியுசி இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. 2008இல் லேமன் வங்கி கவிழ்ந்து சேமிப்பை இழந்தவர்களுக்காக ஹாங் லிம் பூங்காவில் பேசியவர். 2023இல் டான் செங் போக்கும் டான் ஜீ சேயும் அவருக்கு ஆதரவாக நின்றார்கள், 4.91 விழுக்காடு 13.88 ஆனது. பெண்களைப் பற்றி அவர் இட்டிருந்த பழைய சமூக ஊடகப் பதிவுகளுக்குக் கடும் கண்டனம் எழுந்த பிறகும் இவ்வளவு வாக்கு. இந்த வாக்குகளில் பெரும்பகுதியை நான் எதிர்ப்பு வாக்காகத்தான் படிக்கிறேன். எதிர்ப்பு வாக்குக்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலைவாய்ப்பு, விலைவாசி என்று அதிபரால் செய்ய முடியாதவற்றைப் பேசும் வேட்பாளர் எவராக இருந்தாலும், சட்டத்தைப் படிக்கவில்லை அல்லது படித்தும் சொல்லவில்லை. இரண்டுமே சாவி வைத்திருப்பவருக்கு ஆகாது.

செல்லாத வாக்குப் போடுவது பற்றியும் 2023இல் சிலர் பேசினார்கள். 2011இலும் 2023இலும் செல்லாத வாக்கு இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. யார் எதற்காகக் கெடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு சீட்டு யாருக்கும் எதையும் சொல்லாது. அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெளிநாட்டு உதாரணங்கள் எவ்வளவு தூரம் பொருந்தும்

‘பிரான்ஸைப் பார், இலங்கையைப் பார்’ என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 2017இல் பிரான்ஸில் ஓராண்டு வயதுள்ள இயக்கத்தோடு மக்ரோன் வந்தார். நெடுங்காலம் ஆண்ட இரண்டு பெருங்கட்சிகளுமே இரண்டாம் சுற்றுக்கு வரவில்லை. இலங்கையில் அனுர குமார திசாநாயக்க 2019இல் வாங்கியது 3.16 விழுக்காடு. பொருளாதாரம் நொறுங்கி, மருந்துக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற மக்கள் 2024இல் அவருக்கு 42.31 விழுக்காடு கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் உறவு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பல அந்த எண்ணிக்கையை விடிய விடியப் பார்த்தன.

அங்கெல்லாம் அதிபர் ஆட்சி நடத்துகிறவர். வெளியாளைக் கொண்டுவந்தால் கொள்கையே மாறும். இங்கே மாறாது, ஆகவே அவர்களுடைய காரணம் நம் காரணமாக முடியாது. ஆனால் வாக்கு எண்ணும் முறையில் கற்றுக்கொள்ள இருக்கிறது. பிரான்ஸில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் சுற்று உண்டு. இலங்கையில் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் சீட்டிலேயே குறிக்கலாம். 2024இல் அது முதன்முறையாக எண்ணவும்பட்டது. சிங்கப்பூரில் யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். 2011இல் வாக்களித்தவர்களில் 64.8 விழுக்காட்டினர் டோனி டானைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்தான் அதிபரானார். மூன்று வேட்பாளர்களிடம் சிதறிய வாக்கில் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் முடிவு வேறாகியிருக்கும். அமெரிக்காவில் 1992இல் பெருங்கட்சி எதையும் சாராத ராஸ் பெரோ 18.9 விழுக்காடு வாங்கியும், அதிபரை முடிவுசெய்யும் மாநிலத் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வெளியாளுக்கு ஆதரவு இருப்பதும் அது முடிவாக மாறுவதும் வேறு வேறு.

2029க்கு நான் எப்படி முடிவெடுப்பேன்

ஒரு நல்ல செய்தி: 2029 தேர்தல் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தது. கடைசி ஐந்து தவணைக்குள் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவருமே அதிபராக இருந்துவிட்டார்கள், ஆகவே ஒதுக்கீட்டுக்கு இடமில்லை.

என் முதல் கேள்வி தூரத்தைப் பற்றியதாக இருக்காது. இவர் எப்போதாவது, தன் மேலதிகாரிக்கோ கட்சிக்கோ, தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறாரா? பதவி கிடைத்த பிறகு சொல்வேன் என்பவரைவிட, ஏற்கெனவே சொன்னவரை நம்புவேன். கட்சியில் இருந்தவரிடம் அப்படி ஒரு நிகழ்வு இருந்தால் அவர் எனக்குச் சம்மதம். கட்சிப் பக்கமே போகாதவரிடம் அது இல்லையென்றால், வெளியாள் என்ற ஒன்றுக்காக மட்டும் வாக்களிக்கமாட்டேன். இரண்டாவது கேள்வி, கணக்கு படிக்கத் தெரியுமா, எட்டு ஆலோசகர்களோடு உட்கார்ந்து வாதாடத் தெரியுமா.

இந்த இரண்டிலும் உள்ளே இருந்தவரும் வெளியே வந்தவரும் சமமாக நின்றால், வெளியே வந்தவருக்குத்தான் என் வாக்கு. 97இல் 87 இடம் ஒரே கட்சியிடம் இருக்கும்போது, இரண்டாவது சாவி வேறு கையில் இருப்பது நல்லது. அந்த விஷயத்தில் 1993இல் சுவாவுக்கு வாக்களித்த 41 விழுக்காட்டினரின் எண்ணம் சரியானது. தேர்ச்சியில் இடைவெளி பெரிதாக இருந்தால் தேர்ச்சியின் பக்கம் நிற்பேன். 2023இல் நிலைமை அப்படித்தான் இருந்தது.

ஒரே மாதிரியான வெளியாட்கள் இரண்டு பேர் நின்றால், வாக்களிப்பு நாளுக்கு முன் யாருக்கு ஆதரவு கூடுதல் என்று பார்த்து அவர் பக்கம் போவேன். மனத்துக்குப் பிடித்த மூன்றாமவருக்குப் போட்டு 2011போல் சிதறவிடமாட்டேன்.

இதெல்லாம் இரண்டு பேராவது களத்தில் இருந்தால்தான். 2023இல் தொழிலதிபர் ஜார்ஜ் கோ தன் ஐந்து நிறுவனங்களின் மூலதனத்தைக் கூட்டிக் காட்டியும் அதிபர் தேர்தல் குழு ஏற்கவில்லை, சான்றிதழ் கிடைக்கவில்லை. 500 மில்லியன் வரம்பு அப்படியே இருந்தால், தனியார் துறையிலிருந்து வரக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள். மக்களே தேர்ந்தெடுக்கும் முறையை விட்டு, நாடாளுமன்றம் நியமிக்கும் பழைய முறைக்கே திரும்புவதையும் பரிசீலிக்கலாம் என்று அந்த 2016 ஆணைக்குழு தன் அறிக்கையில் எழுதியது, அரசாங்கம் ஏற்கவில்லை. நான் அதற்கு உடன்படமாட்டேன், வாக்கு நம்மிடம் இருக்கட்டும். ஆனால் வரம்பைத் தளர்த்துவது பற்றி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பில் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். 2029 ஆகஸ்டில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும். சட்டத்தைத் திருத்துவதாக இருந்தால் அதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் பேச்சு வர வேண்டும்.